சித்தி அனுப்பும் மக்கும், கூட்டாளிமார் சொல்லும் பிசியும்

கேட்டவர் கோப்பாயில் இருக்கும் ஒரு தம்பி. உயர்தரம் முடித்துவிட்டு கலியாண வீடியோ எடிட்டிங், அல்பம் டிசைன் என்று தொடங்கியிருக்கிறார். இடைக்கிடை கோயில் திருவிழாப் பனரும் கலியாணக் காட்டும் வரும். கனடாவில் இருக்கிற சித்தி அப்பிளின் லப்டொப்பான மக்புக் ஒன்று அனுப்புகிறேன் என்கிறா. கூட்டாளிமாரோ "உந்தக் காசுக்கு இரண்டு மடங்கு வேகமான விண்டோஸ் பிசி பூட்டலாமடா" என்கிறார்கள். எதை எடுப்பது என்பதுதான் கேள்வி.

தம்பி, என்ர மேசையில் இரண்டும் இருக்கு. ஒன்றில் எடிட் பண்ணுகிறேன், மற்றதில் பிரசுக்குப் போகிற வேலை செய்கிறேன். அதனால் எனக்கு இரண்டு பக்கத்திலும் கட்சி இல்லை. எது நல்லது என்று நீர் கேட்டிருக்கிறீர். நான் முதலில் திருப்பிக் கேட்பது வேறு: உமக்கு என்ன கமராவில் இருந்து கோப்பு வருகுது? வேலை முடிந்த கோப்பு யாருடைய கைக்குப் போகுது? ஐப்பசி, கார்த்திகை மழைக்குள் கொம்பியூட்டர் படுத்தால் யார் திருத்துவார்? இதற்குப் பதில் தெரிந்தால் முக்கால்வாசி முடிவு தானாக வந்துவிடும்.

அதற்கு முன் ஒரு பழைய கதை. "டிசைன் என்றால் மக்தான்" என்று கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருந்து வாறவர்கள் சொல்லுவினம். அது பொய் இல்லை, பழசு. 1984 இல் மக்கின்டோஷ் வந்தது. அடுத்த வருசம் அப்பிளின் லேசர் பிரிண்டரும் பக்கம் அமைக்கிற பேஜ்மேக்கர் சொஃப்ட்வெயாரும் வந்தபோது, ஒரு பக்கத்தைத் திரையில் பார்த்தபடியே அச்சில் எடுக்கலாம் என்ற நிலை உண்டானது. அந்த நேரம் மற்றக் கொம்பியூட்டர்களில் பெரும்பாலும் கறுப்புத் திரையில் எழுத்துத்தான் ஓடியது. வெளிநாட்டு அச்சகங்கள் அப்போது பிடித்த பழக்கத்தை விடவில்லை. எங்கட ஊர் அந்தப் பாதையால் வரவே இல்லை. 1990க்குப் பிறகு கரண்டே இல்லாமல், சைக்கிள் டைனமோ சுற்றி றேடியோ கேட்ட ஊர் இது. பற்றறியே தடைப்பட்ட பொருளாக இருந்த காலத்தில் மக்குக்கு எங்கே போவது? கொம்பியூட்டர் பரவலாக வந்து சேர்ந்தபோது விண்டோசும் பேஜ்மேக்கரும் பாமினி எழுத்துருவுமாகத்தான் வந்தது. இன்றைக்கும் யாழ்ப்பாணத்தில் அச்சகம், பனர் கடை, ஸ்ரூடியோ எதற்குள் போனாலும் பெரும்பாலும் விண்டோஸ்தான் பேசும். இது உம்முடைய முடிவில் ஒரு பாரமான கல்.

சரி, கமரா. இதில்தான் கூட்டாளிமார் பிழை விடுகிறார்கள்.

பழைய கமராக்களும் போனும் எடுக்கிற வீடியோ பெரும்பாலும் 8 பிட், 4:2:0 (நிறத்தை எவ்வளவு நுணுக்கமாகப் பதிகிறது என்ற கணக்கு). அதை இன்றைக்கு விற்கிற எந்த மெசினும் சிரித்துக்கொண்டே ஓட்டும். ஆனால் சோனி ஏ7 எஸ்3, ஏ7 4 போன்றவை வந்த பிறகு ஸ்ரூடியோக்காரர் 10 பிட், 4:2:2 இல் எடுக்கத் தொடங்கிவிட்டினம். நிறம் திருத்துவதற்கு அது அருமை. கூறைச் சிவப்பும் மேடை எல்ஈடி வெளிச்சமும் ஒன்றோடொன்று அடிபடும்போது அதன் அருமை தெரியும். சிக்கல் என்னவென்றால், அதைப் பெரும்பாலும் எச்.265 போன்ற முறையில் மிக இறுக்கிச் சுருக்கித்தான் கமரா எழுதும். ஓட்டும்போது ஒவ்வொரு நொடியும் அந்த முடிச்சை அவிழ்க்க வேணும். அதற்கென்று சிப்புக்குள்ளேயே தனிப் பகுதி இருந்தால் வீடியோ வெண்ணெய் மாதிரி ஓடும். இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய பிராசசராக இருந்தாலும் விக்கி விக்கித்தான் ஓடும்.

2020 கடைசியில் வந்த எம்1 முதல் அப்பிளின் சிப்புகளில் அந்தப் பகுதி இருக்கு. இன்டெல்லில் 11ஆம் தலைமுறை முதல், பிராசசருக்கு உள்ளே இருக்கிற சின்ன கிராஃபிக்சில் இருக்கு. என்விடியா கிராஃபிக்ஸ் கார்டில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசை வரும்வரை 4:2:2க்கு அது இருக்கவில்லை. அதற்கு முன்னைய 4060, 4070 எல்லாம் விளையாட்டுக்குச் சிங்கம், இந்த ஒரு வேலைக்குப் பூனை. ஏஎம்டியின் ரைசன் பிராசசரிலும் இதை எதிர்பார்க்க வேண்டாம்.

ஒரு சம்பவம். எனக்குத் தெரிந்த பொடியன் ஒருத்தன் நல்ல காசு போட்டு பிசி பூட்டினான். 32 ஜிபி ராம், 4060 கார்ட், கண்ணாடிப் பெட்டிக்குள் வானவில் மாதிரி லைட். முதல் கலியாணத்தைப் போட்டால் தாலி கட்டுகிற இடத்தில் மாப்பிள்ளையின் கை மூன்று துண்டாக அசையுது. "அண்ணை, விண்டோஸ் சரிவராது, மக் எடுக்கப்போறன்" என்று வந்து நின்றான். போய்ப் பார்த்தேன். இன்டெல் பிராசசரின் பெயருக்குக் கடைசியில் ஒரு 'எஃப்' நிற்குது. அந்த எஃப் என்றால் உள்ளே கிராஃபிக்ஸ் இல்லை என்று அர்த்தம். கொஞ்சக் காசு குறைவு என்று கடைக்காரர் அதைக் கொடுத்திருக்கிறார். அவருக்கு இது விளையாட்டுப் பிசி, அவரில் பிழை சொல்ல ஏலாது. எஃப் இல்லாத அதே பிராசசரை மாற்றிப் போட்டோம். சிங்கம் அப்படியே நிற்க, உள்ளே இருந்த பூனைக்குட்டி வேலையைப் பார்த்தது.

மாற்றக் காசு இல்லாவிட்டாலும் வழி உண்டு. புரொக்சி என்பது அதுதான்: இரவு படுக்கப்போக முன் எல்லாக் கிளிப்புக்கும் சின்னக் கொப்பி ஒன்று எடுக்க விட்டுவிடும், விடிய அந்தக் கொப்பியில் வெட்டும், கடைசியில் வெளியே எடுக்கும்போது சொஃப்ட்வெயார் அசலை எடுத்துக்கொள்ளும். எங்கட பொடியள் இதைச் செய்யப் பஞ்சிப்படுவினம். எட்டு வருசப் பழைய மெசினில்கூட 4கே கலியாணம் வெட்டலாம், இந்தப் பஞ்சி இல்லாவிட்டால்.

அடுத்தது சொஃப்ட்வெயார். இங்கே நீர் யாருக்கு வேலை செய்கிறீர் என்பதுதான் கேள்வி. எடியஸ் என்ற வீடியோ வெட்டுகிற சொஃப்ட்வெயார் விண்டோசில் மட்டும்தான் ஓடும். எனக்குத் தெரிந்த பழைய ஸ்ரூடியோக்களில் பாதிக்கு மேல் இன்னும் எடியஸ்தான். அவர்களிடம் வெட்டுக்கூலிக்கு வேலை எடுக்கிறீர் என்றால், புரொஜெக்டையும் சேர்த்துத்தான் கேட்பார்கள், முடிந்த வீடியோவை மட்டும் அல்ல. மக் வைத்திருந்தால் அங்கேயே கதை முடிந்தது. முந்தி இன்டெல் மக்கில் விண்டோசையும் பூட்டி ஓட்டினோம், எம் வரிசையில் அந்தக் கதவு மூடிவிட்டது. மறுபக்கம், அப்பிளின் ஃபைனல் கட் மக்கில் மட்டும். ஒருமுறை 299.99 டொலர் கட்டினால் போதும். வேகம் என்றால் வேகம், ஆனால் யாழ்ப்பாணத்தில் உம்முடைய ஃபைனல் கட் புரொஜெக்டைத் திறந்து பார்க்க இன்னொருவரைத் தேடிக்கொண்டு திரியவேண்டி வரும். அடோபியின் எடிட்டிங் சொஃப்ட்வெயார் இரண்டிலும் ஓடும். 2013 முதல் வாடகைதான். மாதம் மாதம் டொலரில் கட்ட வேணும், ரூபா விழுந்தால் உம்முடைய வாடகை ஏறும். 2022 இல் அதை நன்றாகவே அனுபவித்தோம்.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் சொல்வது டாவின்சி ரிசோல்வ். இரண்டிலும் ஓடும், இலவசப் பதிப்பிலேயே கலியாணம் முழுக்க முடிக்கலாம். ஸ்ரூடியோ பதிப்பு ஒருமுறை 295 டொலர். ஒரு வித்தியாசம் இருக்கு: விண்டோசில் இலவசப் பதிப்பு நான் மேலே சொன்ன 10 பிட் கோப்புகள் சிலதைத் திறக்க மறுக்கும், பணம் கட்டின பதிப்பு வேணும். மக்கில் இலவசமே திறக்கும். சித்தியின் மக்குக்கு இது ஒரு நல்ல புள்ளி. "லினக்ஸ் போட்டால் எல்லாம் இலவசம்தானே" என்று யாராவது சொன்னால், அதில் ரிசோல்வின் இலவசப் பதிப்பு எச்.264 என்ற சாதாரண வீடியோ முறையையே எடுக்காது என்று சொல்லிவிடும்.

இனிக் கலியாணக் காட்டும் பனரும். தமிழ் எழுத்து மக்கில் உடையும், விண்டோசில் உடையாது என்று ஒரு கதை உலாவுது. அது பிழை. இரண்டிலும் யூனிகோட் (எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) தமிழ் ஒழுங்காக இருக்கு. விண்டோஸ் 2000இலேயே லதா எழுத்துரு வந்துவிட்டது. மக்கில், முரசு அஞ்சல் என்ற தமிழ்ச் சொஃப்ட்வெயாரைச் செய்த மலேசிய முத்து நெடுமாறனின் இணைமதி எழுத்துரு இருக்கு, அஞ்சல் விசைப்பலகையும் தமிழ் 99உம் கூடவே வருகுது. உடைவது ஃபோட்டோஷொப்புக்குள். "பெற்றோர்" என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், அரவு இன்னொரு பக்கம் என்று பிரிந்து நிற்கும். அதற்குக் காரணம் எழுத்து அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான தெரிவு போடப்படாமல் இருப்பது. அதைப் போட்டு, புது எழுத்துப் பெட்டி ஒன்று திறந்து அடித்துப் பாரும், மக்கிலும் சரி விண்டோசிலும் சரி நேராகிவிடும்.

உண்மையான சிக்கல் பாமினி. பாமினி தமிழ் எழுத்து இல்லை, தமிழ் வேசம் போட்ட ஆங்கில எழுத்து. அம்மா என்று வர எம், கே, அரைப்புள்ளி, திரும்பவும் கே, பிறகு எச் என்று அடிக்க வேணும். கொம்பியூட்டருக்கு அது ஐந்து ஆங்கிலக் குறி, அவ்வளவுதான். அதனால்தான் எந்தப் பழைய சொஃப்ட்வெயாரிலும் உடையாமல் நிற்கும், அச்சகக்காரர் அதை விடாமல் பிடித்திருப்பதும் அதற்காகத்தான். எழுத்துரு இல்லாத மெசினில் திறந்தாலோ மணமகளின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் கேயும் எச்சும் நிற்கும். மக்கில் பாமினி எழுத்துருவைப் போடலாம், ஓடும். ஆனால் பனர் கடைக்காரர் கேட்பது கோரல்டிரோ என்ற டிசைன் சொஃப்ட்வெயாரின் கோப்பு. கோரல் பல வருசம் மக்கை விட்டுவிட்டு 2019 இல்தான் திரும்பி வந்தது. அதற்காக நீர் மக்குக்குத் தனியாகக் கோரல் வாங்கப்போவதில்லை. ஒரு சுற்றுவழி: எழுத்தை எல்லாம் கோடாக மாற்றி பிடிஎஃப் ஆகக் கொடும். பெரும்பாலான கடை ஏற்கும். ஆனால் இரவு பத்து மணிக்கு "உபயகாரரின் பெயரில் ஒரு எழுத்துப் பிழை, திருத்தித் தாங்கோ" என்று போன் வந்தால் கடைக்காரரால் அதைத் திருத்த ஏலாது, நீர்தான் எழும்ப வேணும். நல்லூர்த் திருவிழா 25 நாளும் எனக்கு இப்படித்தான் போகும்.

கரண்டைப் பற்றிச் சொல்லாமல் யாழ்ப்பாணத்தில் கொம்பியூட்டர் கதை கதைக்க முடியாது. 2022 பங்குனிக் கடைசியில் 13 மணித்தியாலம் வெட்டினார்கள். அந்தக் கிழமை என்ர பிசி அலுமாரி மாதிரி நின்றது, மக்புக்கில்தான் ஒரு பூப்புனித நீராட்டு வீடியோவை முடித்துக் கொடுத்தேன். இப்போது அப்படி இல்லை, ஆனாலும் மழைக்காலத்தில் ஒரு நிமிசம் போய் ஒரு நிமிசம் வரும். அந்த ஒரு நிமிசம்தான் ஹாட் டிஸ்க்கைக் கொல்லும். பிசி என்றால் யூபிஎஸ் விலையையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேணும். கடையில் கிடைக்கிற 650 விஏ யூபிஎஸ் கிட்டத்தட்ட 360, 390 வாட்ஸ்தான் தாங்கும். பெரிய கார்ட் போட்ட பிசி ரெண்டர் பண்ணும்போது கரண்ட் போனால் சேமித்து மூட நேரம் கிடைக்கும், வேலை செய்ய நேரம் கிடைக்காது. விளையாட்டு லப்டொப் இருக்கே என்று சொல்வார்கள். சாஜரைக் கழற்றினவுடன் அதன் வேகம் பாதிக்குக் கீழே இறங்கிவிடும், பற்றறியும் ஒரு சோடிப் பாட்டுக்குள் முடியும். மக்புக் பற்றறியிலும் அதே வேகத்தில் ஓடும். இதில் அப்பிளுக்கு நிகர் இல்லை என்றுதான் சொல்ல வேணும்.

ஆனால் மக்புக் எயரில் விசிறி இல்லை. சித்திரை வெக்கையில், தகரக் கூரைக்குக் கீழே ஒன்றரை மணித்தியாலப் படத்தை வெளியே எடுக்க விட்டால் சூடேறித் தானாக வேகத்தைக் குறைக்கும். உடையாது, ஆறுதலாக முடிக்கும். நான் அடியில் இரண்டு மரத்துண்டு வைத்து மேசை விசிறியைத் திருப்பிவிடுவேன். பிசிக்கு இதே ஊரில் எதிரி தூசி. செம்மண் தூசி விசிறிக்குள் களி மாதிரி ஒட்டும். கடற்கரைப் பக்கம் என்றால் உப்புக்காற்றும் சேரும். மூன்று மாதத்துக்கு ஒருக்கால் திறந்து ஊதவேணும்.

திருத்த வேலைக்கு வருவோம். பிசியில் ராம் போனால் கஸ்தூரியார் வீதிப் பக்கம் போய் மத்தியானத்துக்குள் மாற்றிக்கொண்டு வரலாம். மக்புக்கில் ராமும் டிஸ்க்கும் போர்டோடு ஒன்றாக ஒட்டினவை. வாங்கும்போது எவ்வளவோ அவ்வளவுதான் கடைசிவரை. போர்ட் படுத்தால் உள்ளே இருக்கிற கலியாணமும் அதோடு போகும், கழற்றி இன்னொன்றில் போட்டுப் பார்க்க முடியாது. இலங்கையில் அப்பிளின் சொந்தக் கடை இல்லை. ஒழுங்கான திருத்தம் என்றால் கொழும்புக்குத்தான் அனுப்ப வேணும். நானூறு கிலோமீற்றர் போய், வரிசையில் நின்று, திரும்பி வரும்வரை மாப்பிள்ளை வீட்டாரின் போனை யார் எடுக்கிறது?

சித்தி அனுப்புவதென்றே முடிவானால், அவவிடம் சொல்லவேண்டியது கொஞ்சம் இருக்கு. இன்டெல் மக் வேண்டாம், சும்மா தந்தாலும் யோசியும். 2025 இல் வந்த மக் ஓஎஸ் டாஹோதான் இன்டெல் மக்குக்குக் கடைசிப் பதிப்பு என்று அப்பிளே சொல்லிவிட்டது. எம்1 ஆக இருந்தாலும் போதும், ஆனால் 16 ஜிபி வேணும். 2024 கடைசியில் இருந்து எம் வரிசைப் புது மக்குகள் குறைந்தது 16 ஜிபியோடுதான் வருகின்றன, அதற்கு முன்னையவற்றில் 8 ஜிபி நிறைய இருக்கு. டிஸ்க் 256 என்றால் பயப்படவேண்டாம், ஆனால் கணக்குத் தெரிந்திருக்க வேணும்: விநாடிக்கு 100 மெகாபிட் எழுதுகிற கமரா ஒரு மணித்தியாலத்துக்கு 45 ஜிபி தின்னும். இரண்டு கமரா, ஆறு மணித்தியாலம் என்றால் 540. ஆகவே வெளியே பூட்டுகிற எஸ்எஸ்டி கட்டாயம். அதை எக்ஸ்ஃபட் முறையில் ஃபோமற் பண்ணும், இரண்டு பக்கமும் எழுதலாம். ஸ்ரூடியோக்காரர் தருகிற, விண்டோசின் என்டிஎஃப்எஸ் முறையில் ஃபோமற் பண்ணின டிஸ்க்கை மக் வாசிக்கும், எழுதாது. முதல் தரம் இதைக் கண்டு டிஸ்க் பழுது என்று திருப்பிக் கொடுத்தவன் நான்.

பாவித்த மக் என்றால் இன்னும் கவனம். நான் ஒருமுறை வெளிநாட்டில் இருந்து வந்த ஒன்றை ஒருவரிடம் மலிவாக வாங்கினேன். ஒரு கிழமை நன்றாக ஓடியது. சுத்தமாக அழித்துத் திரும்பத் தொடங்கலாம் என்று அழித்தேன். தொடங்கின உடனே திரையில் ஒரு செய்தி: இந்த மெசின் இன்ன நிறுவனத்தின் நிர்வாகத்துக்குக் கீழே உள்ளது, அவர்களின் கடவுச்சொல்லைத் தரவும். யாரோ வேலைவிட்ட ஒருவர் திருப்பிக் கொடுக்காத லப்டொப். காசும் போய், ஒரு கிழமை நித்திரையும் போனது. அதனால் சித்தி அங்கேயே அழித்து, இன்டர்நெற்றில் பூட்டி, முதல் திரையில் இருந்து கடைசிவரை ஒருக்கால் தொடங்கிப் பார்க்க வேணும். தன்ர அப்பிள் கணக்கையும் கழற்றிவிட வேணும். அவ கனடாவில் இருப்பது ஒரு வசதி. பிரான்ஸ் மாமா அனுப்பினால் ஏயும் கியூவும் இடம் மாறின கீபோர்ட் வரும். பார்த்துப் பார்த்துப் பாமினி அடிக்கிறவருக்கு அது நரகம்.

பாட்டு ஒலிப்பதிவு செய்கிறவருக்கு மக்கில் சிக்கல் குறைவு, லொஜிக் அங்கேதான் ஓடும். 3டி செய்கிறவருக்கு என்விடியா பூட்டின பிசிதான், பிளெண்டர் அதில் பறக்கும். உமக்கு இரண்டும் இப்போதைக்கு இல்லை.

நான் உம்முடைய இடத்தில் இருந்தால்: சோனியில் 10 பிட் எடுத்து, நீரே வெட்டி, நீரே வாடிக்கையாளருக்குக் கொடுக்கிறீர் என்றால் சித்தியின் மக்கை வாங்கும். மிச்சம் பிடிக்கிற காசில் நல்ல மொனிட்டர் ஒன்று, வெளி டிஸ்க் இரண்டு (ஒன்று கொப்பிக்கு, அது வேறு அறையில் இருக்க வேணும்). பிறகு பாவித்த விண்டோஸ் பிசி ஒன்றைப் பாமினிக்கும் கோரலுக்கும் மட்டும் எடும். அது இன்டெல் 8ஆம் தலைமுறைக்குக் கீழே வேண்டாம், முறைப்படி விண்டோஸ் 11 போட ஏலாது. விண்டோஸ் 10இன் ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது. இப்போதைக்கு உம்முடைய சோறு எடியஸ் ஸ்ரூடியோக்காரர் தருகிற வெட்டுக்கூலியில்தான் என்றால் பிசிதான், எஃப் இல்லாத இன்டெல், யூபிஎஸ் சேர்த்து. அப்படி என்றால் சித்தியிடம் "மக் வேண்டாம், காசாக அனுப்புங்கோ" என்று எப்படிக் கேட்பது என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. அதை அம்மாவிடம் கேளும்.

முடிவெடுக்க முன் ஒரு வேலை செய்யும். நீர் கடைசியாக எடுத்த கலியாணத்தின் கமரா மெமரி கார்டை அப்படியே, சுருக்காமல், மாற்றாமல் கொண்டு யாராவது மக் வைத்திருக்கிறவர் வீட்டுக்கும், பிசி பூட்டின அந்தக் கூட்டாளி வீட்டுக்கும் போம். இரண்டிலும் ரிசோல்வைப் போட்டு அதே பத்து நிமிசத்தை வெட்டிப் பாரும். கூட்டாளியின் மெசினில் மாப்பிள்ளையின் கை மூன்று துண்டாக அசைந்தால், பெட்டியைத் திறக்கச் சொல்ல முன் பிராசசரின் பெயருக்குக் கடைசி எழுத்தைப் பாரும்.